ஒரு வட்டு, இரண்டு கணிப்பொறிகள்

எங்கள் ஓசூர் ரயில் நிலையம் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனால் அது தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பெங்களூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் விரைவு வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பொங்கல் விடுமுறையில் அந்த வண்டியில் ஒரே ஒரு படுக்கை மீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓசூர் கவுண்டரில் ஒரு தாத்தா பணத்தை நீட்டுகிறார். அதே நொடியில் பெங்களூரில் ஒரு கல்லூரி மாணவியும், மதுரையில் ஒரு தாயும் அதே படுக்கையைக் கேட்கிறார்கள். மூவரில் ஒருவருக்குத்தான் அந்தப் படுக்கை. மற்ற இருவரும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகிறார்கள். ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படுவதில்லையே, அது எப்படி என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்தப் படுக்கையின் கணக்கு எங்கோ ஒரு வட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் எழுதும் உரிமை பல கணிப்பொறிகளுக்கு உண்டு. பலர் ஒரே இடத்தில் எழுதினால் குழப்பம் வரும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் குழப்பம் எப்படி வருகிறது, அதை எப்படித் தடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வட்டு என்பது கட்டம் போட்ட நோட்டு

பலருக்கு வேலை செய்து கொடுக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறார்கள். தகவல்களைச் சேமித்து வைக்கும் வட்டை நம்முடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலும் 512 அல்லது 4096 பைட் அளவுள்ள தகவல் அடங்கும். கட்டங்களுக்கு வரிசை எண் உண்டு. "500-ஆம் கட்டத்தைப் படி", "501-ஆம் கட்டத்தில் இதை எழுது" என்பன போன்ற கட்டளைகளே வட்டுக்குப் புரியும். அந்தக் கட்டத்தில் இருப்பது சம்பளப் பட்டியலா, சரக்குக் கணக்கா என்பது அதற்குத் தெரியாது. எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது, எந்தக் கட்டம் காலி என்ற பொருளடக்கத்தை வைத்திருப்பது கோப்பு முறைமை. அது சர்வரில் இயங்கும் மென்பொருள்.

முன்பு வட்டு சர்வரின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சர்வர் பழுதானால் வட்டும் அதோடு முடங்கும். எனவே வட்டுகளைத் தனி அலமாரியில் வைத்து, வலையமைப்புக் கேபிள் மூலம் பல சர்வர்களுடன் இணைக்கும் முறை வந்தது. இதற்கான முறைகளில் ஒன்று ஐ-ஸ்கஸி. இதன் விதிகள் 2004-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. வட்டுக்குச் சொல்லும் கட்டளைகளை இது சாதாரண வலையமைப்பின் வழியாகவே அனுப்புகிறது. தூரத்தில் உள்ள வட்டு, சர்வரின் கண்ணுக்குத் தன் சொந்த வட்டு போலவே தெரியும். ஒரு சர்வர் நின்றால் மற்றொன்று அதே வட்டை எடுத்து வேலையைத் தொடரலாம். இது பெரிய நன்மை. ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆபத்து எங்கே?

ஒவ்வொரு சர்வரும் வேகத்திற்காகப் பொருளடக்கத்தின் ஒரு நகலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வட்டு தனக்கு மட்டுமே சொந்தம் என்று அது நம்புவதால், அடிக்கடி திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது இரண்டு சர்வர்கள் ஒரே வட்டைத் திறக்கின்றன. "500-ஆம் கட்டம் காலி" என்று இரண்டும் படித்து வைத்துக்கொள்கின்றன. முதல் சர்வர் அங்கே சம்பளப் பட்டியலை எழுதுகிறது. சற்று நேரம் கழித்து இரண்டாம் சர்வர் அதே கட்டத்தில் சரக்குக் கணக்கை எழுதுகிறது. வட்டு இரண்டையும் மறுப்பின்றி ஏற்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. கடைசியாக எழுதியது மட்டுமே நிற்கிறது.

ஒரு சர்வர் எழுதட்டும், மற்றது படிக்க மட்டும் செய்யட்டும் என்றால் ஆபத்து இல்லையே என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியன்று. படிக்கும் சர்வரிடம் இருப்பது பழைய பொருளடக்கம். 500-ஆம் கட்டத்தில் நேற்று இருந்ததை அது தேடும். அங்கே இன்று வேறொன்று இருக்கும். வட்டுக்குக் கேடு வராது என்றாலும் படிக்கும் சர்வர் தவறான விடையைத் தரும்.

எங்கள் வீட்டில் கேட்ட கதை

என் அப்பா ஓசூரில் ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். அங்கே இரண்டு சர்வர்களும் ஒரு வட்டு அலமாரியும் இருந்தன. அவசரத்துக்கு உதவட்டும் என்று யாரோ இரண்டாவது சர்வரையும் அதே வட்டில் இணைத்து, சாதாரணக் கோப்பு முறைமையிலேயே திறந்துவிட்டார்கள். பத்து நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பதினோராம் நாள் மிகைநேர வேலைக் கணக்கைத் திறந்தபோது, பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகள் இருந்தன.

அந்தக் கணக்கில் இருந்தது மூன்று ஷிப்ட்களிலும் கூடுதல் நேரம் உழைத்தவர்களின் உழைப்பு. கிருஷ்ணகிரி, சூளகிரிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இரவு ஷிப்ட் பார்த்த அக்காமார்களும் அதில் இருந்தார்கள். சூப்பர்வைசர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த சிறு நோட்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அந்த மாதம் மிகைநேரப் பணம் பதினைந்து நாள் தாமதமாயிற்று. "கெட்டவர் எவரும் இல்லை, அம்மா. இரண்டு கணிப்பொறியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒன்றுக்கு இன்னொன்று இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றார் அப்பா. அன்றுதான் இதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

பாதுகாப்பான வழிகள்

முதல் வழி, பகிராமல் இருப்பது. அலமாரியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, இந்தப் பகுதி இந்தச் சர்வருக்கு மட்டும் என்று பெயர் குறித்து அனுமதி கொடுப்பார்கள். மற்றச் சர்வரின் கண்ணுக்கு அந்தப் பகுதி தெரியவே தெரியாது.

இரண்டாம் வழி, ஒரே ஒரு சர்வரை உரிமையாளராக வைப்பது. மற்றவை வட்டைத் தொடாமல், வேண்டிய கோப்பை அந்தச் சர்வரிடம் கேட்டு வாங்கும். சன் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். இவ்வகையைச் சேர்ந்தது. பல இடங்களுக்கு இதுவே போதும்.

மூன்றாம் வழி, எல்லாச் சர்வர்களும் ஒரே வட்டில் எழுதலாம். ஆனால் பூட்டு வாங்கிய பிறகே எழுத வேண்டும். நம் ஆய்வுக்கூட அலமாரியின் சாவியைச் சிஸ்டரிடம் கேட்டு வாங்குவது போன்றது இது. அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் 1983-இல் அறிவித்த வாக்ஸ் கிளஸ்டர் என்னும் கணிப்பொறிக் கூட்டம் இம்முறையில் புகழ்பெற்றது. அதில் ஆறு வகைப் பூட்டுகள் இருந்தன. பிறர் படிக்கலாம், எழுதக் கூடாது என்பது ஒருவகை. பிறர் எவரும் படிக்கவும் எழுதவும் கூடாது என்பது மற்றொரு வகை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் சர்வர் தான் மாற்றியவற்றையெல்லாம் வட்டில் எழுதிவிட வேண்டும். சாவியை வாங்கும் சர்வர் தன்னிடமுள்ள பழைய நகலை நம்பாமல் புதிதாகப் படிக்க வேண்டும். லினக்ஸில் 2006-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2 ஆகிய கோப்பு முறைமைகளும் இவ்வாறே பூட்டு வாங்கி எழுதுகின்றன. அவற்றில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி நாட்குறிப்பு உண்டு. ஒன்று பாதியில் நின்றுவிட்டால், மற்றொன்று அதன் நாட்குறிப்பைப் படித்துப் பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்யும்.

வாக்கும் வேலியும்

சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேபிள் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? "மற்றது இறந்துவிட்டது, இனி வட்டு என்னுடையது" என்று இரண்டுமே நினைக்கும். இதைத் தடுக்க வாக்கெடுப்பு முறை வைத்திருக்கிறார்கள். மூன்று சர்வர்கள் இருந்தால் மூன்று வாக்குகள். இரண்டு வாக்கு உள்ள பக்கம் வேலையைத் தொடரும்; ஒரு வாக்கு உள்ளது தானே நின்றுகொள்ளும். இரண்டே சர்வர்கள் என்றால் ஒன்றுக்கு ஒன்று சமமாகிவிடும். ஆகவே மூன்றாவது வாக்கை ஒரு சிறிய பொது வட்டுக்கோ வேறொரு கணிப்பொறிக்கோ கொடுப்பார்கள்.

வாக்கு மட்டும் போதாது. பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவி மயங்கி விழுந்தாள் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டை இன்னொருத்தி தொடர்ந்து எழுதுகிறாள். மயக்கம் தெளிந்தவள் நடந்தது எதுவும் அறியாமல், விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினால் பதிவேடு கெடும். எனவே அடுத்தவளிடம் பதிவேட்டைக் கொடுக்கும் முன் முதலாமவள் கையிலுள்ள பேனாவை வாங்கிவிட வேண்டும். சர்வர்களிலும் அப்படித்தான். பேச்சில்லாமல் போன சர்வரின் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அல்லது அதன் எழுத்தை ஏற்க வேண்டாம் என்று வட்டு அலமாரிக்கே கட்டளை கொடுத்துவிடுவார்கள். இதற்கு வேலியிடுதல் என்று பெயர். வேலியிட்டு முடிந்தது என்ற உறுதி கிடைத்த பிறகே அடுத்த சர்வர் எழுதத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் வேண்டும். பகிர்ந்த வட்டு மாற்றுப் பிரதி ஆகாது. தவறாக எழுதப்பட்டது எல்லாச் சர்வர்களுக்கும் தவறாகவே தெரியும். தனி இடத்தில் தினமும் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

மீண்டும் ரயில் நிலையத்தில்

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கியது. அதற்கு டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணிப்பொறிகளைப் பயன்படுத்தினார்கள். பின்பு ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் கான்செர்ட் என்னும் மென்பொருளை உருவாக்கி 1994-இல் செகந்திராபாதில் இயக்கியது. 1999-இல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு வண்டியின் கணக்குக்கும் ஒரு மையமே உரிமையாளர். மற்ற ஊர்க் கவுண்டர்கள் வலையமைப்பு வழியாக அதனிடம் கேட்கின்றன. நாம் மேலே கண்ட இரண்டாம் வழி இதுதான். மையத்துக்குள்ளே கணிப்பொறிகள் கூட்டமாகச் சேர்ந்து, பூட்டு வாங்கி எழுதின. ஓசூர்த் தாத்தாவின் சீட்டு அச்சாகும் அந்தக் கண நேரத்தில் அந்தப் படுக்கையின் கணக்கு மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டிருக்கும். ஆகவேதான் அவர் துணிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறுகிறார்.

இதைப் படித்தபோது மறைக்கல்வி வகுப்பில் கேட்ட சாலமோன் அரசரின் தீர்ப்பு என் நினைவுக்கு வந்தது. ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடினார்கள். குழந்தை பிழைத்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தவளே உண்மையான தாய். பெரும்பான்மை வாக்கு தன்னிடம் இல்லை என்று அறிந்ததும் வட்டை விட்டு விலகி நிற்கும் சர்வரும் அவ்வாறே தகவலைக் காக்கிறது.

தோழியரே! நம்மில் பலர் நாளை தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறி முன் அமரப் போகிறோம். ஒரு வட்டை இரண்டு சர்வர்களுடன் இணைக்கும்படி யாரேனும் சொன்னால், "சாவி யாரிடம்? வாக்கு எத்தனை? வேலி இருக்கிறதா?" என்று முதலில் கேட்போம். அந்த வட்டுக்குள் யாரோ ஓர் அக்காவின் இரவு நேர உழைப்பு எழுதப்பட்டிருக்கலாம்.