பொறம்போக்கைப் படிக்க ஒரு பாட்டும் ஒரு கைப்பேசியும்

காணொளி என்றாலே நம் உழவர்களில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். "இந்த ஒரு கரைசலைத் தெளிங்க, மகசூல் ரெண்டு மடங்கு" என்கிற ரகத்தைப் பார்த்துச் சலித்த சலிப்பு அது. வீட்டுப் பிள்ளைகளோ ஆப்பிரிக்கச் சிங்கம் ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் தூங்கும் என்று சொல்கிறார்கள். ஊர் ஓடையில் என்ன மீன் இருக்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள். காணொளி வழியே இயற்கையைப் படிக்க முடியும். ஆனால் அதைப் பார்க்கிற முறை ஒன்று இருக்கிறது. எங்கள் மாதக் கூட்டத்தில் சிறுசு பெருசு எல்லாரும் சேர்ந்து பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

2017 பொங்கலையொட்டி வெளிவந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்'தான் அது. டி.எம்.கிருஷ்ணா பாடியது, கபேர் வாசுகி எழுதியது. கர்நாடக ராகத்தில் சென்னைத் தமிழ். எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் தெரிய, பாடகர் நின்று பாடுகிறார்.

முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டோம். "என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க" என்றோம். பிள்ளைகள் தண்ணீர், மின்கம்பம், புகை என்று அடுக்கினார்கள். ஒரு பாட்டி மட்டும், "தரை ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? களர் பூத்திருக்கா?" என்று கேட்டார். நிலத்தில் உழைத்த கண் அது. களர் இல்லை, நிலக்கரிச் சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையத்தில் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கசிந்து, பல வருடமாகக் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆழம் குறைந்த இடத்தில் படகு தட்டும். வெள்ளம் வந்தால் வடிய வழி குறையும்.

இரண்டாம் தடவை சத்தத்தோடு. தலைப்பைக் கேட்டதுமே சிரிப்பு. நம்ம ஊரில் அது வசவுச் சொல் ஆச்சே! சிரிப்பு அடங்கினதும் சொல்லைப் பிரித்தோம். புறம், போக்கு. வரி விதிப்புக்குப் புறமாக ஒதுக்கி, ஊருக்கென்று விட்ட நிலம். நீர்நிலை, மேய்க்கால், வண்டிப்பாதை, களம், மயானம் எல்லாம் அதில் அடக்கம்.

இங்கே என் கதை கொஞ்சம். வங்கியில் இருந்தபோது சிட்டா, அடங்கல் பார்க்காமல் ஒரு கடன் கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. "கிழக்கே ஓடைப் புறம்போக்கு" என்று எல்லை விவரம் எத்தனையோ தடவை என் கண்ணில் பட்டிருக்கும். மதிப்பு இல்லாத நிலம், கடனுக்கு ஆகாது, அடுத்த பக்கம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஓடைதான் பக்கத்துப் பட்டா நிலத்தின் கிணற்றை நிரப்புகிறது என்பது, நானே பொன்னேரிப் பக்கம் நிலம் வாங்கி, கிணறு உப்புக் கரித்த பிறகுதான் புரிந்தது. மீஞ்சூர்ப் பக்கம் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. ஆற்றிலும் ஓடையிலும் நன்னீர் தங்கி ஊறினால்தான் அதை எதிர்த்துத் தள்ள முடியும்.

மூன்றாவது பாடம் திரைக்கு வெளியே. வேன் பிடித்து எண்ணூர் முகத்துவாரம் போனோம். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே தடவி இறால் பிடிப்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கரையில் ஒரு மீனவர் கொத்தாகக் கருஞ்சிப்பியை எடுத்துக் காட்டினார். காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம். அடித்தரையைக் கம்பளம் மாதிரி மூடிவிடும். இறால் புதைய, மேய இடமில்லாமல் போகும். "நம்ம சீமைக்கருவேலம் மாதிரியா தாத்தா?" என்றாள் ஒரு சிறுமி. அதுக்கு மேல் நான் விளக்க என்ன இருக்கு? 2023 டிசம்பர் மழைவெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் படகு, வலை, வீட்டுச் சுவர் வரை அப்பியதையும் அவர்தான் சொன்னார்.

திரும்பி வந்து செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். இரண்டு ஈரத்துணி. ஒன்றில் மழைநீர், மற்றொன்றில் உங்கள் கிணற்று நீர். ஒவ்வொன்றிலும் இருபது பச்சைப்பயறு. மூன்றாம் நாள் முளைத்ததை எண்ணுங்கள், முளையின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். இதைக் கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை செய்தால்தான் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஊரின் புறம்போக்கு நிலங்களைப் புல எண்ணோடு குறித்துக்கொண்டு, பிள்ளைகளையும் கைப்பேசியையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நடங்கள். ஓர் இடத்துக்கு மூன்று நிமிடப் படம் போதும். அங்கே என்ன பறவை, என்ன புல், தண்ணி எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று பிள்ளைகளே பேசட்டும். பழைய நினைவு உள்ளவர் ஒருவர் கூட நடந்தால் படம் இன்னும் நன்றாக வரும். பாட்டு போட வேண்டாம்.

எங்கள் பிள்ளைகள் எடுத்ததில் ஓர் ஓடை பதிவேட்டில் இருக்கிறது, தரையில் இல்லை. அந்த இடத்தில் முள்வேலி. ஜமாபந்தியில் மனுவோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். சர்வேயர் வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள்.