கம்பியூட்டர் செக்ரோல்

பிரட்டில் பேர் விழவில்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உதவிப் பணம் கொடுக்கும் அரசாங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் இப்போது இதே மாதிரி ஒரு செக்ரோல் வைத்திருக்கின்றன. அது கம்பியூட்டரில் இருக்கிறது. அதில் பதியப்படும் விபரங்களைத்தான் தரவு என்கிறார்கள்.

மேற்கு ஆபிரிக்காவில் டோகோ என்றொரு சிறிய நாடு. 2020இல் கொரோனா வந்து ஊரை அடைத்தபோது அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் வருமானமில்லாமல் நின்றார்கள். யார் யார் ஏழை என்று பார்க்கச் சரியான பட்டியல் அரசாங்கத்திடம் இல்லை. ஆகவே ஏப்ரல் மாதம் நொவிசி என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள. சாதாரண பட்டன் போனில் ஓர் இலக்கத்தை அழுத்தி, வாக்காளர் அட்டை விபரத்தைக் கொடுக்க வேண்டும். தகுதி இருந்தால் பணம் போனுக்கே வந்துவிடும். ஆணுக்கு மாதம் 10,500 பிராங், பெண்ணுக்கு 12,250. பெண்ணுக்குக் கூடக் கொடுத்தது சரியென்றே எனக்குப் படுகிறது. அடுப்பைப் பார்க்கிறவள் அவள்தானே!

அந்த ஆண்டுக் கடைசியில் கிவ்டைரக்ட்லி என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. செய்மதிப் படங்களின் உதவியோடு மிக வறிய 100 பிரதேசங்களைத் தெரிவு செய்தார்கள். பிறகு அங்குள்ளவர்கள் போன் பாவிக்கும் விதத்தை வைத்து யார் கூட ஏழை என்று கம்பியூட்டர் கணித்தது. ஏறக்குறைய 57,000 பேருக்குப் புதிதாகக் காசு கிடைத்தது. 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, வறிய பிரதேசம் என்று பார்த்து மட்டும் கொடுப்பதைவிட இந்த முறையில் குறைந்த ஏழைகளே விடுபட்டார்கள். ஆனால் வீடு வீடாகப் பதிந்த முழுமையான பட்டியல் ஒன்று இருந்திருந்தால் விடுபட்டவர்கள் இன்னும் குறைந்திருப்பார்கள். போன் இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை.

நம்முடைய லயத்தை மேலேயிருந்து படம் பிடித்தால் என்ன தெரியும்? நீளமாக ஒரு தகரக் கூரை. அதற்குள் எத்தனை காம்பரா, ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் தனித்தனியாக அடுப்பு மூட்டுகிறதா என்பதெல்லாம் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இலங்கையில் 2023இல் ஆரம்பித்த அஸ்வெசுமவில் வீட்டுக்கு ஆள் வந்துதான் விபரம் எடுத்தார்கள். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 விடயங்கள் பார்க்கப்பட்டன. பட்டியல் வெளிவந்ததும் மேன்முறையீடு செய்யவும் இடம் கொடுத்தார்கள். இப்படியான பதிவில் மலைக்குப் போன நேரத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னதை எழுதிக்கொண்டு போக விடாதீர்கள். ‘எங்களது வேறு குடும்பம், வேறு அடுப்பு’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள். அடையாள அட்டையில் ஒரு பேர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பேர் என்றிருந்தால் இப்போதே கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுத் திருத்த வழி பாருங்கள்.

சிம் கார்டு பெரும்பாலும் வீட்டு ஆம்பிளை பேரில்தான் இருக்கிறது. அக்காமார், தங்கச்சிமார் தங்கள் பேரில் ஒன்று எடுத்து வைப்பது நல்லது.

எதற்காக இந்த விபரம், யாரிடம் போகும் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் விபரத்தைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கேட்கவும் உள்ள உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மட்டும், யார் வந்து கேட்டாலும், எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள்.