நல்லெண்ணெயின் குணமும் உபயோகமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமி பெரும்பாலும் மானாவாரிப் பூமி. வடகிழக்குப் பருவ மழையை நம்பி விதைக்கும் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து முதலியவற்றுடன் எள்ளும் இங்கே பழைய பயிர்களில் ஒன்று. இந்நிலங்களின் விவசாயத்தை ஆராய்வதற்கெனக் கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. எள்ளைக் களத்திலேயே விற்றுவிட்டு, வீட்டுச் சமையலுக்கு எண்ணெயைக் கடையில் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். ஆகையால், அங்கத்தினர்கள் ஒன்றுகூடித் தங்கள் எள்ளைத் தாங்களே செக்கில் ஆட்டிக்கொள்ளலாம் என்னும் யோசனை சங்கக் கூட்டங்களில் எழுவது இயல்பே. யோசனை நல்லது, ஆயினும் அதில் இறங்குமுன் செக்கெண்ணெயின் தன்மையை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. செக்கெண்ணெய் என்பது யாது?

எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதை வெளியிலிருந்து சூடேற்றாமல், உரலில் உலக்கை சுழலும் அழுத்தத்தினால் மாத்திரம் பிழிந்தெடுப்பதே செக்கெண்ணெய். ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டி, வேண்டிய ஈரத்தையும் பசையையும் கொடுத்து, பிண்ணாக்கு ஒன்றுசேர்ந்து எண்ணெய் பிரிவதற்கு உதவுகிறது. முற்காலத்தில் காளைகள் இழுத்த செக்கை இக்காலத்தில் மோட்டார் சுற்றுகிறது. மிக வேகமாகச் சுற்றினால் உராய்வினால் உரல் சூடேறும். ஆகையால் நிதானமாகச் சுற்றுவதே முறை.

பெரிய ஆலைகளில் சுத்திகரிக்கும் எண்ணெயின் நிலை வேறு. அங்கே காரம் சேர்த்துப் புளிப்பை நீக்குகிறார்கள். ஒருவகை மண்ணினால் நிறத்தைப் போக்குகிறார்கள். மிகுந்த சூட்டில் நீராவி செலுத்தி வாடையை அகற்றுகிறார்கள். வித்தில் இருந்த குற்றம் இவற்றால் பெரும்பாலும் மறைந்துவிடும். இயற்கை மணமும் உடன் போய்விடும். செக்கெண்ணெய்க்கு இத்தகைய மறு திருத்தம் கிடையாது. எள்ளில் உள்ள நன்மையும் எண்ணெயில் வரும். எள்ளில் உள்ள கெடுதலும் எண்ணெயில் வரும். இப்பாடத்தில் மனத்தில் இருத்த வேண்டிய முதல் விஷயம் இதுவே.

2. எண்ணெய் களத்திலேயே கெடுகிறது

சில ஆண்டுகளுக்கு முன் நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பத்து அங்கத்தினர்கள் தங்கள் எள்ளை ஒன்றாகக் கொட்டி ஆட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய எள், தாள்கள் போராக இருந்தபோது மழையில் நனைந்துவிட்டது. மூட்டையின் மேற்புறம் உலர்ந்து காணப்பட்டதால் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். அவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மாதத்திற்குள் பத்து வீட்டு எண்ணெயும் காறத் தொடங்கியது. இரண்டு பேர் பங்குத் தொகையைத் திரும்பக் கேட்டார்கள். நனைந்த எள்ளைக் கொணர்ந்தவர் ஏழை. அவர்மேல் மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் விதி இல்லாதது சங்கத்தின் குற்றம். அவ்விதியை எழுதும்படி முன்னமே யோசனை சொல்லாதது என் குற்றம்.

ஈர எள்ளில் பூஞ்சணம் பற்றும். அதனால் கொழுப்பு சிதைந்து புளிப்பு மிகும். பின்பு காற்றும் வெளிச்சமும் சேர்ந்து சிக்கு வாடையை உண்டாக்கும். நன்கு உலர்ந்த எள்ளைக் கையில் அள்ளினால் சலசலவென்று வழியும். மூட்டையின் அடியிலிருந்து எடுத்து முகர்ந்தால் பூஞ்சண வாடை இராது. உலர்த்துவதோடு புடைத்துச் சலிப்பதும் அவசியம். எள் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பது நம் முன்னோர் பழமொழி. அந்நிய வித்துக் கலப்பு எவ்வளவு கொடிதென்பதற்கு டெல்லியே சாட்சி. அங்கு 1998-இல் பிரமதண்டு விதையெண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60 பேருக்கு மேல் மாண்டனர்.

3. ஆளி விதை எண்ணெயோடு ஓர் ஒப்பீடு

மத்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளில் பயிராகும் ஆளி விதையின் எண்ணெயையும் இப்போது செக்கெண்ணெய் என்று சந்தையில் விற்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பு இருக்கிறது. அது உடலுக்கு நன்மை செய்வது. ஆனால் காற்றுப் பட்டால் விரைவில் மாறுவது. மரத்தில் பூசினால் உலர்ந்து படலமாகும் காரணம் பற்றியே அவ்வெண்ணெய் வர்ணங்களில் சேர்கிறது. ஆகையால் உண்பதற்கென்று தயாரித்ததையே வாங்கி, குளிர்ந்த இருட்டிடத்தில் வைத்து, அடுப்பில் ஏற்றாமல், சமைத்த பதார்த்தத்தின்மேல் ஊற்றிச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். நல்லெண்ணெயிலோ சிசமோலின் முதலிய வஸ்துக்கள் இயற்கையாகவே அமைந்து, அதைச் சிக்குப் பிடியாமல் நெடுநாள் காக்கின்றன. ஊறுகாய்க்கு நம் தாய்மார்கள் நல்லெண்ணெயைத் தேர்ந்துகொண்ட அனுபவ ஞானத்தின் காரணம் இதனால் விளங்கும்.

4. சமையலில் உபயோகம்

பச்சையாக ஊற்றி உண்பதற்கு நல்லெண்ணெய் மிகவும் ஏற்றது. இட்லிப் பொடிக்கும், பருப்புப் பொடிச் சோற்றுக்கும், கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களிக்கும் அதன் மணமே சுவை. வற்றற் குழம்பு, புளிக்குழம்பு, புளியோதரை ஆகியவற்றில் புளியின் கடுமையை அது தணிக்கிறது. தாளிக்கும்போது புகையும்வரை காயவிடலாகாது. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுதலும், அதைப் புது எண்ணெயோடு கலத்தலும் தவறு.

எண்ணெயைத் தெளியவைத்து, வண்டலை நீக்கி, ஈரமற்ற எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கழுத்துவரை நிரப்பி மூடிவைக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் எண்ணெயை விரைவில் கெடுக்கும். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்த எண்ணெயானாலும் 1 கிராமுக்கு 9 கலோரி உண்டு. செக்கெண்ணெய் நல்ல உணவு, மருந்தன்று. அளவு மிஞ்சினால் அதுவும் உடலைப் பருக்கச் செய்யும்.

5. கணக்கில் கவனிக்க வேண்டியவை

ஏறக்குறைய 2½ கிலோ எள்ளுக்கு 1 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். 1 லிட்டர் நல்லெண்ணெயின் எடை சுமார் 920 கிராமே. எள்ளைக் கிலோவில் கொடுத்து, எண்ணெயை லிட்டரில் பெற்று, இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்கெழுதினால் லிட்டருக்கு 80 கிராம் கணக்கில் உதைக்கும். ஆதலால் எள், எண்ணெய், பிண்ணாக்கு மூன்றையும் எடையாகவே பதிவு செய்ய வேண்டும். எள்ளுப் பிண்ணாக்கு கறவை மாடுகளுக்குப் புரதம் மிகுந்த தீவனம். அதை ஆட்டுகூலிக்கு ஈடாக விடுவதா, அங்கத்தினர்களே எடுத்துக்கொள்வதா என்பதை ஆட்டுவதற்கு முன்பே எழுதிக்கொள்வது உத்தமம். பின்பு பேசினால் சண்டையில் முடியும்.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

(1) மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ யாரை நியமிப்பது?
(2) மறுக்கப்பட்ட எள்ளை உடையவர் மனம் நோகாமல், அதை உலர்த்திப் புடைத்து மறுமுறை கொணர என்ன உதவி செய்யலாம்?
(3) ஒவ்வொருவர் எள்ளையும் தனித்தனியே ஆட்டுவது அனுகூலமா, ஒன்றாகச் சேர்த்து ஆட்டுவது அனுகூலமா?

இரண்டாவது கேள்விக்கு விடை காணாத சங்கம் முதற் கேள்வியை எடுத்துப் பயனில்லை. மழையில் எள் நனைந்ததென்று ஒருவர் அச்சமின்றி முன்வந்து சொல்லக்கூடிய சங்கத்தில்தான் பத்து வீட்டு எண்ணெயும் கெடாமல் இருக்கும்.