ஸான் வந்துவிட்டது, பேக்கப் வரவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், மகிழ்ச்சி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் சில வரிகள் எழுதியிருக்கிறாயே, அவைதான் என்னை உடனே உட்கார்ந்து பதில் எழுத வைத்தன. ‘சர்வர்களின் தரவு முழுக்க ஸானுக்கு மாறிவிட்டது. ரெய்டு 6 போட்டிருக்கிறோம். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். இனித் தனியாக பேக்கப் எதற்கு என்று கணக்குப் பிரிவில் கேட்கிறார்கள். எனக்கும் சரியாகத்தான் படுகிறது.’ கணக்குப் பிரிவில் இருப்பவர் கேட்கலாம். செலவைக் குறைப்பது அவர் தொழில். உனக்கு எப்படியப்பா சரியாகப் பட்டது?

ரெய்டின் வகைகளையும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வேலை செய்யும் விதத்தையும் நீ படித்துத் தேறியவன். அவற்றை விட்டுவிடுகிறேன். ஸ்டோரேஜுக்கென்றே போட்ட வலையான ஸான் பேக்கப்புக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை மட்டும் பார்ப்போம்.

தருவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சர்வருக்கும் சொந்த டிஸ்க்கும் சொந்த டேப் டிரைவும் இருந்த காலத்தில் ஒருவர் தினமும் மாலை சர்வர் சர்வராகப் போய் டேப் மாற்ற வேண்டும். அவர் விடுப்பில் போனால் அன்றைய பேக்கப்பும் விடுப்பு. பழைய ஸ்கஸி கேபிளை அதிகம் நீட்டவும் முடியாது, டிஃபரென்ஷியல் வகையிலேயே 25 மீட்டர்தான் எல்லை. 1990களின் இரண்டாம் பாதியில் ஃபைபர் சேனல் புழக்கத்துக்கு வந்ததும், கண்ணாடி இழையில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி ஒரே ஒரு டேப் லைப்ரரியை வைத்து எல்லா சர்வர்களும் அதைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. தரவு லேன் பக்கமே போவதில்லை. எந்தக் கோப்பு எந்த டேப்பில் இருக்கிறது என்ற கேட்டலாக் விவரம் மட்டும் லேனில் போகும்.

கணக்குப் போட்டுப் பார். உன்னிடம் 20 டெராபைட் இருக்கிறது, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். விநாடிக்கு ஏறக்குறைய 700 மெகாபைட் நகர வேண்டும். ஒரு கிகாபிட் லேனில் விநாடிக்கு 110 மெகாபைட் போனாலே பெரிது, வேலை முடிய இரண்டு நாளைக்கு மேல் ஆகும். 16 கிகாபிட் ஃபைபர் சேனலோ காகிதக் கணக்கில் விநாடிக்கு 1,600 மெகாபைட் கடத்தும், மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து கிகாபிட் ஈத்தர்நெட்டும், 2004இல் தரமாக வெளிவந்த ஐ-ஸ்கஸியும் இந்த இடைவெளியைக் குறைத்துவிட்டன என்று நீ சொல்வாய். சரிதான். ஆனாலும் ஸ்டோரேஜ் போக்குவரத்துக்குத் தனி வலை என்ற ஏற்பாட்டின் நியாயம் மாறவில்லை.

இங்கே டேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள். டேப் செத்துவிட்டது என்று உன் வயதுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். டப்பாவில் 45 என்று அச்சிட்டிருப்பார்கள். அது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற நம்பிக்கையில் போட்ட எண், நீ 18 என்றே கணக்கில் வை. முழு உயர டிரைவ் விநாடிக்கு 400 மெகாபைட் எழுதும். ‘டேப் மெதுவானது’ என்கிற ஆளிடம் இதைக் கேள்: அந்த டிரைவுக்கு நீ எந்த வேகத்தில் தரவு ஊட்டினாய்? ஊட்டுவது குறைந்தால் டிரைவ் முதலில் தன் வேகத்தைத் தணித்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தும், பின்னால் சுற்றும், விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும், மறுபடி ஓடத் தொடங்கும். இரவு முழுக்க இப்படி முன்னும் பின்னும் இழுபட்டால் வேகமும் போகும், டேப்பும் தேயும். பல சர்வர்களின் தரவை ஒரே டேப்பில் கலந்து எழுதி டிரைவை ஓட வைக்கும் தந்திரம் ஒன்று உண்டு. எழுதும்போது இனிக்கும், திரும்ப எடுக்கும்போது ஒரு சர்வருக்காக எல்லாருடைய தரவையும் கடந்து போக வேண்டியிருக்கும். முதலில் டிஸ்க்கில் இறக்கி, அங்கிருந்து ஒரே ஓட்டமாக டேப்புக்கு அனுப்புவதுதான் சரியான வழி.

இனி ஸானின் ஆபத்துக்கு வருகிறேன். எல்லாரும் எல்லாவற்றையும் எட்ட முடியும் என்பதுதான் அதன் பலம், ஆபத்தும் அதுவேதான். வெர்ச்சுவல் மெஷின்களை ஸான் வழியாகவே படிக்கட்டும் என்று விண்டோஸ் பேக்கப் சர்வருக்கு விஎம்வேரின் லன்களை, அதாவது ஸானில் அதற்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதிகளைக் காட்டியிருப்பாய். விண்டோஸுக்கு அந்த ஃபார்மட் புரியாது. ‘இந்த டிஸ்க்கைத் தயார் செய்யட்டுமா?’ என்று பணிவாகக் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ‘சரி’ என்று அழுத்தினால் போதும், அந்த டேட்டாஸ்டோரின் பார்ட்டிஷன் விவரம் மேலெழுதப்பட்டு, அதில் இருந்த மெஷின்கள் அத்தனையும் சிக்கலில் மாட்டும். பேக்கப்புக்காக வைத்த சர்வரே அசலை அழிக்கும் கருவியாகிவிடும். ஆகவே ஆட்டோமவுண்ட்டை நிறுத்து. முடிந்தால் அந்த லன்களை அதற்குப் படிக்க மட்டும் கொடு. ஸோனிங்கையும் லன் மாஸ்க்கிங்கையும் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணாதே, இரண்டும் வேண்டும். டேப்புக்கும் டிஸ்க்குக்கும் தனித்தனி எச்பிஏ போர்ட் ஒதுக்கு.

உன் ஸ்னாப்ஷாட்டுக்கு வருவோம். காப்பி-ஆன்-ரைட் முறையில் மாறாத பிளாக்குகள் அசலுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொது. அடியில் இருக்கும் டிஸ்க் கூட்டம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். தவிர, டேட்டாபேஸுக்குச் சொல்லாமல் எடுத்த ஸ்னாப்ஷாட், மின்சாரம் திடீரென்று போன நொடியில் டிஸ்க் இருந்த நிலைதான். பெரும்பாலும் எழுந்துவிடும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி நான் தூங்க மாட்டேன். அதையே டேட்டாபேஸை ஒரு கணம் அமைதிப்படுத்தி எடுத்து, பேக்கப் சர்வரில் மவுண்ட் செய்து, அங்கிருந்து வெளியே எழுதினால் ஸ்னாப்ஷாட்டைப் போல உதவுவது வேறில்லை. அது பேக்கப்பின் முதல் படி. நீ அங்கேயே நின்றுவிட்டாய். ரெய்டு, டிஸ்க் பழுதுபட்டால் காப்பாற்றும். நீ தவறாக அழித்தால், அந்த அழிப்பையும் பத்திரமாகக் காப்பாற்றும். ரெப்ளிகேஷன் அதையே இன்னொரு ஊருக்கும் கொண்டு சேர்க்கும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஆஸ்திரேலிய வரித்துறையின் கதை. வகுப்பில் கேட்டிருப்பாய், பரவாயில்லை, இன்னொரு முறை கேள். 2016 டிசம்பர் 12 அன்று சிட்னியில் இருந்த அவர்களுடைய ஸான் விழுந்தது. வலைத்தளம், வரி முகவர்களுக்கான சேவைகள் எல்லாம் நின்றன. நிலைமை சீரடையப் பல நாளாயிற்று. 2017 ஜூனில் துறையே வெளியிட்ட அறிக்கையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சுமார் 800 டிஸ்க்குகளில் பழுதானவை 12தான். கண்ணாடி இழைக் கேபிள்கள் இழுவிசைக்கு ஆளாகியிருந்தன. ஸான் விழுவதற்கு முந்தைய மே முதல் நவம்பர் வரை 159 எச்சரிக்கைகள் பதிவாகியிருந்தன. முழு ஸானும் விழுந்தால் என்ன செய்வது என்ற நடைமுறை வகுக்கப்படவும் இல்லை, சோதிக்கப்படவும் இல்லை. உறுதியைவிட வேகத்துக்கு முன்னுரிமை தந்து அமைத்திருந்தார்கள். உச்சம் எது தெரியுமா? மீட்பதற்கு வேண்டிய கருவிகள் சிலவற்றை விழுந்த அதே ஸானில்தான் வைத்திருந்தார்கள்! 2017 பிப்ரவரி 2 அன்று, கேபிளைச் சரிசெய்யும் வேலையின்போது ஸானோடு இணைந்த கார்டுகள் இடம்பெயர்ந்து மறுபடியும் விழுந்தது.

தரவை அவர்கள் மீட்டுவிட்டார்கள், பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஆகையால்தான் இந்தக் கதை எனக்குப் பிடிக்கிறது. தரவு இருந்தும் அதை எழுப்பத் தெரிந்த கருவி கையில் இல்லாமல் போனது. உன் பேக்கப் மென்பொருளின் கேட்டலாக் எந்த லன்னில் இருக்கிறது? ஸோன் விவரங்களின் நகல் எங்கே? பாஸ்வேர்டுகள் அடங்கிய கோப்பு? எல்லாம் ஸானில் என்றால் உனக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

நகல்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓய்வுபெற்றபின் பழைய தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அதற்காக அவர் ஏடு தேடி அலைந்ததை ‘என் சரித்திரம்’ நூலில் படித்தால், ஏன் ஒரு பிரதி போதவில்லை என்பது புரியும். ஏடுகளை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரே தாய்ப்பிரதியைப் பார்த்து எழுதிய பத்துச் சுவடிகள் கிடைத்தாலும் அவை பத்துச் சாட்சிகள் ஆகா. தாயின் பிழை பத்திலும் இருக்கும். வேறு ஊரில், வேறு கையால், வேறு மூலத்திலிருந்து எழுதிய ஒற்றைச் சுவடி அந்தப் பத்தையும்விடப் பெரிய துணை. உன் ரெப்ளிகாக்கள் அந்தப் பத்துச் சுவடிகள். ஒரே கன்ட்ரோலர், ஒரே ஃபர்ம்வேர், ஒரே அட்மின் பாஸ்வேர்டு. எத்தனை நகல் என்று எண்ணாதே, எத்தனை வெவ்வேறு விதத்தில் அவை சாக முடியும் என்று எண்ணு.

2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழை சிலருடைய அஞ்சல்களைத் துடைத்தது. கூகுள் பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்தது, பிழை அந்த நகல்களையும் தொட்டது. இணைப்பில் இல்லாத டேப்பிலிருந்துதான் அஞ்சல்களை மீட்டார்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் பேக்கப் ஸ்க்ரிப்ட்டே ஏறக்குறைய 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகளை அழித்தது. ரேன்சம்வேரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளே வருகிறவன் முதலில் தேடுவது பேக்கப் சர்வரைத்தான்.

ஆகவே நிர்வாகத்தை ஓரிடத்தில் குவி, தரவின் தலைவிதியைக் குவிக்காதே. அட்டவணை, கண்காணிப்பு, டேப் லைப்ரரி எல்லாம் ஸான் வழியே ஒரே இடத்திலிருந்து நடக்கட்டும். ஆனால் ஒரு நகல் வேறு தயாரிப்பில் இருக்கட்டும், ஒன்று கட்டடத்துக்கு வெளியே போகட்டும், ஒன்று மின்தொடர்பே இல்லாமல் அலமாரியில் கிடக்கட்டும். பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதே, அதன் பாஸ்வேர்டு வேறாக இருக்க வேண்டும். ‘மூன்று நகல், இரண்டு ஊடகம், ஒன்று வெளியே’ என்ற வாய்பாட்டை எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரே கன்ட்ரோலரில் வந்து முடிகின்றனவா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

பச்சை விளக்கை நம்பாதே. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகள் அழிக்கப்பட்டபோது, ஐந்து வகைப் பாதுகாப்பில் ஒன்றும் நினைத்தபடி கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸ் 9.6ஆம் பதிப்பு, பேக்கப் எடுத்த கருவி 9.2ஆம் பதிப்பு. அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று தெரிவிக்கும் மின்னஞ்சலை அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட், வேறு சர்வரில் இருந்ததால் காப்பாற்றியது. பார்த்தாயா, வேறு சர்வரில்!

இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கு. சம்பளப் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸைத் தேர்ந்தெடு. ஸான் இல்லவே இல்லை என்று பாவித்துக்கொண்டு, வெளியே இருக்கும் நகலிலிருந்து ஒரு காலி சர்வரில் எழுப்பு. டேப்பைத் தேடியது முதல் கடைசிப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தது வரை எத்தனை மணி நேரம் ஆயிற்று, எங்கே தடுக்கியது என்று எழுதி அனுப்பு. அந்த எண்ணைக் கணக்குப் பிரிவிடமும் கொடு. அவர்களுக்கு எண்கள் புரியும். ‘பேக்கப் வெற்றி’ என்ற திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பாதே, அதை நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்