வாலிபரும் நடன சங்கீதமும்



சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் வாலிபர் சிலர் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டி, "சுவாமி, இது சரிதானா?" என்று கேட்டார்கள். போர்த்துக்கல் தேசத்தின் லிஸ்பன் நகரில் 2023 ஆகஸ்டு 6-ந் தேதி காலையில் நடந்தது அது. உலக இளைஞர் தினத்துக்கு வந்து, இரவு வெட்டவெளியில் படுத்திருந்த இலட்சக்கணக்கான வாலிபரை எழுப்பியது கோவில் மணியன்று. கில்யெர்மே பெய்ஷோட்டோ என்ற குருவானவர் மின்கருவியில் ஒலிக்கச் செய்த 'டெக்னோ' சங்கீதம்.

நிமிஷத்துக்கு 120-க்கு மேல் ஒரே சீராக விழும் மேளத்தட்டு, வார்த்தை கொஞ்சம். அதன் நடுவே பாப்பரசர்கள் இரண்டாம் அருள் சின்னப்பர், பிரான்சிஸ் இவர்களுடைய வாக்கியங்களைக் கலந்திருந்தார். தம் பங்கின் கடனை அடைக்க நிதி திரட்டிய நாட்களில்தான் அவர் இவ்வேலையில் இறங்கினார். பங்குக் கடனின் பாரத்தை அறிந்த நான் அவரைப் பரிகசிக்கத் துணியேன்!

உலகத்தாரின் சங்கீதம் என்று உடனே தள்ளுவதும் அவசரமே. 1903-இல் அர்ச். பத்தாம் பத்திநாதர் கோவிலுக்குள் பியானோவையே விலக்கினார். 1963-இல் வத்திக்கான் சங்கமோ, ஆர்கனுக்கு முதன்மை தந்து, ஆராதனைக்குத் தகுந்த மற்ற வாத்தியங்களையும் அதிகாரிகளின் சம்மதத்தோடு அனுமதித்தது.

ஆனால் இதே சங்கீதத்தை ஆராதனைக்குள்ளேயே கொண்டுபோன கதையும் உண்டு. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரின் ஆங்கிலிக்கன் கோவிலொன்றில் 1986-இல் 'ஒன்பது மணி ஆராதனை' தொடங்கிற்று. வண்ண விளக்கு, படக்காட்சி, நடன இசை; கோவில் வாசலை மிதியாத வாலிபர் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 1995-இல் அதன் தலைவர் தம்மை நம்பிய பெண்களிடம் தகாதபடி நடந்தது வெளிப்பட்டு, எல்லாம் குலைந்தது. 2025-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென்று தீர்த்தது. பழியைத் தாளத்தின்மேல் போடாதீர்கள். கூட்டம் பெருகியதைக் கண்டு மேலதிகாரிகள் மகிழ்ந்தார்கள், கண்காணிப்போ போதவில்லை. பெற்றோரே, பிள்ளை என்ன பாட்டுக் கேட்கிறான் என்று விசாரிக்கும் நீங்கள், அவனை யார் கூட்டிப்போகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

வாலிபருக்கு என் பதில் இது. லிஸ்பனில் அந்தச் சங்கீதம் ஒலித்தது பூசைக்கு முன், பூசைக்குள் அன்று. ஓயாமல் விழும் தட்டில் 'ஆமென்' சொல்லவும் இடமில்லை, மௌனமாயிருக்கவும் இடமில்லை. பூசையில் இரண்டும் வேண்டும். ஆகவே திருநாளன்று மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணிக்கு நிறுத்திவிடுங்கள். ஒலிபெருக்கியைக் கோவில் தெருப்பக்கம் திருப்பவேண்டாம். அங்கே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.