கைக்கு அடக்கமான ஒரு கத்தி

இடம்பெயரும் குடும்பம் எல்லாக் கருவிகளையும் தூக்கிச் செல்ல முடியாது. மண்வெட்டியும் காட்டுக்கத்தியும் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடும். மூட்டைக்குள் அடங்கி எம்முடன் வரக்கூடியது ஒரு சிறு கத்தியே. ஆகவே அது நல்ல கத்தியாக இருக்கவேண்டும்.

மடக்குக்கத்தி சட்டைப்பைக்கு வசதிதான். ஆனால் அதன் மூட்டில் மண்ணும் வாழைக்கயரும் சேரும், கறள் பிடிக்கும். அழுத்தி வெட்டும்போது விரலின்மேல் மடியவும் கூடும். மடங்காத கத்தியே தோட்டக்காரருக்கு ஏற்றது. அதிலும் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடியிருக்கின்றதா எனப் பாருங்கள். பிடிக்குள் ஓர் அங்குலம் மட்டும் செருகி ஒட்டிய கத்தி, விறகு பிளக்கும்போது கழன்றுவிடும். 4 அங்குல அலகும் 3 மில்லிமீற்றர் தடித்த முதுகும் போதும்.

கொல்லரிடம் செய்விப்பதாயின் பழைய லொறி வில்லுத்தகட்டைக் கொடுங்கள். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 0.6 பங்கு கரி உண்டு; துவைச்சல் ஏறும். கட்டட வேலைக் கம்பியில் கரி குறைவு. எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. அடித்து உருவாக்கிய அலகைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பார்கள். அத்துடன் விட்டால் கீழே விழுந்தாலே உடையக்கூடும். மினுக்கிய பின் இளஞ்சூட்டில் மீண்டும் வாட்டவேண்டும். மினுக்கிய இடம் வைக்கோல் நிறமாகும்போது நிறுத்துவது முறை. நீலம் பாய்ந்தால் கூர் இளகிவிடும். அவசரத்தில் இந்த இரண்டாம் சூட்டை விட்டுவிடுவோரும் உண்டு, கேட்டுச் செய்வியுங்கள். இதே காரணத்தால், அடுப்பு நெருப்பைக் கத்தியால் கிளறவே கூடாது. வீடுகளில் நல்ல கத்திகள் கெடுவது அநேகமாக இப்படித்தான்.

தீட்டும்போது கல்லை நனைத்து, 2 சென்ரிமீற்றர் அகல அலகாயின் முதுகை 7 மில்லிமீற்றர் அளவு உயர்த்திப் பிடியுங்கள். இரு பக்கமும் ஒரே சரிவு வேண்டும். புது இடத்தில் முதலில் நடுவது பெரும்பாலும் மரவள்ளிதானே! மழுங்கிய கத்தி தடியை நசிக்கும். நசிந்த நுனி அழுகும்.

தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். எஸ்லோன் குழாய்த் துண்டொன்றைக் கொதிநீரில் இளக்கி, துணி சுற்றிய அலகின்மேல் செருகி, இரு பலகைகளுக்கிடையில் ஆறும்வரை அழுத்தினால் நல்ல உறை கிடைக்கும். நீர் வடிய அடியில் ஒரு துளை விடுங்கள். குழாயை நெருப்பில் காட்டவேண்டாம். அந்தப் புகை நஞ்சு. பஸ்ஸில் போகும்போது கத்தியை இடுப்பில் செருகாமல், உறையோடு பையின் அடியில் வையுங்கள்.