புகையோடு போகும் வெப்பம்

கேள்வி: டீசல் எஞ்சினின் புகையில் வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்த முடியாதா?

பதில்: முடியும். பெரிய கப்பல்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் எஞ்சினில் எரிபொருள் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் வேலையாக மாறுகிறது. சுமார் கால்பங்கு புகையோடு வெளியேறுகிறது. 2006இல் ஓடத் தொடங்கிய எம்மா மேர்ஸ்க் கப்பலில், அந்தப் புகையின் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். அருமையான ஏற்பாடு!

லாரியிலும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இருக்கிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. அதற்கு மேல் கொதிகலனும் வைத்தால் எடை, இடம், விலை எல்லாம் கூடும். நின்று நின்று ஓடும் வண்டியில் வெப்பமும் சீராகக் கிடைக்காது.

கப்பலிலும் முழு வெப்பத்தையும் எடுத்துவிட முடியாது. கந்தகம் கலந்த எண்ணெயின் புகை அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், கந்தக அமிலம் படிந்து குழாய்களை அரித்துவிடும்.